தொந்தரவு இல்லாத நோயாளி

என் மண்டைக்குள் ஒரு இரும்புத் துண்டு இருக்கிறது. உளுந்து அளவுதான் என்று எக்ஸ்ரே பார்த்தவர்கள் சொல்வார்கள். நான் கேட்பவரைப் பொறுத்துப் பாக்கு அளவு என்றும் எலுமிச்சை அளவு என்றும் சொல்வதுண்டு. எதிர்வீட்டுக்காரர் புது ரேடியோவைக் காட்ட வந்தபோது, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, ஸ்டேஷன் மாறிடப்போகுது" என்றேன். பாவம், தள்ளித்தான் நின்றார்.

அந்தத் துண்டை உள்ளேயே விட்டுவைத்தது ஒரு டாக்டரம்மா. எடுக்கத் தெரியாமல் விடவில்லை. எதை எடுக்கக்கூடாது என்று தெரிந்து விட்டார். அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு. இதில் நானும் வருவேன். ஆனால் நடுவில் சில நாட்கள் நான் என் தலைக்குள்ளேயே ஆள் இல்லாதவனாக இருந்தேன். அந்தப் பகுதியை மட்டும் என் மனைவியும், பக்கத்துக் கட்டில் கொத்தனாரும், மெக்கானிக்கும் சொன்னபடி எழுதுகிறேன். மூன்று பேருமே பொய் சொல்லத் தெரியாதவர்கள். அந்த இடத்தில் கதை கொஞ்சம் தொய்ந்தால் என்னைக் குறை சொல்லாதீர்கள்.

சண்டை ஊருக்குள் புகுந்த வருஷம் நான் தண்ணீர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். குழாயெல்லாம் உடைந்து கிடந்ததால் என் லாரியைக் கண்டாலே ஜனங்கள் குடத்தோடு ஓடிவருவார்கள். ஒரு காலையில் லாரிக்கு முன்னால் குண்டு விழுந்தது. முன்கண்ணாடி மொத்தமும் என் மடியில் கொட்டியது. வலது புருவத்துக்கு மேலே எறும்பு கடித்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான். அந்த ஓட்டையோடு நானே லாரியை ஆஸ்பத்திரிவரை ஓட்டிக்கொண்டு போய், ரிவர்ஸ் எடுத்து, மற்ற வண்டிகளுக்கு இடைஞ்சல் இல்லாமல் ஓரமாக நிறுத்தினேன் என்பது என் கட்சி. நான் ஹாரன்மேல் நெற்றியை வைத்துச் சாய்ந்து கிடந்தேன், அந்தச் சத்தத்தைக் கேட்டு வந்து லாரியைக் கயிறு கட்டி இழுத்துவந்தது தான்தான் என்பது மெக்கானிக்கின் கட்சி.

ஆஸ்பத்திரி என்றேனே, அது பஸ் டிப்போ. நிஜ ஆஸ்பத்திரியின் கூரை அதற்கு முன்பே தரைக்கு வந்துவிட்டது. டிப்போவின் தூண்களுக்கு நடுவே, பஸ்கள் நிற்கிற இடத்தில் கட்டில்கள் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு தூணிலும் தடம் எண் எழுதியிருக்கும். குண்டுச் சத்தம் நெருங்கினால், பஸ்ஸுக்கு அடியில் படுத்து வேலை பார்க்கிற பள்ளங்களில் எங்களை இறக்கிவிடுவார்கள். கிரீஸ் வாசனையில் படுத்து மேலே பார்த்தால் நாமே ஒரு பஸ்ஸாகிவிட்ட மாதிரி இருக்கும்.

ஆபரேஷன் அறை, பஸ்ஸுக்குப் பெயின்ட் அடிக்கிற கொட்டகை. டாக்டரம்மா தேடித்தேடி அதைத்தான் பிடித்தார். பெயின்ட் காய்கிறவரை தூசி படக்கூடாது என்று அதன் கதவுகளில் ஈ நுழைய இடமில்லாமல் ரப்பர் பட்டை வைத்திருந்தார்கள். "பஸ்ஸுக்கு இவ்வளவு பார்த்திருக்காங்க, மனுஷன் மூளைக்குப் போதும்" என்றாராம்.

ஆள் குள்ளம். மேஜைமேல் கிடக்கிறவன் தலையை எட்ட ஒரு பழைய பேட்டரிப் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் நிற்பார். காலையில் கட்டில் கட்டிலாக வரும்போதும் பெட்டி கூடவே வரும், ஏறி நின்று குனிந்து கண்ணைப் பார்ப்பார். தூங்குவது பழுதான ஒரு பஸ்ஸின் கடைசி சீட்டில். சிரித்து யாரும் பார்த்ததில்லை.

மண்டைக்குள் வேலை செய்ய உறிஞ்சுகுழாய் இல்லாமல் முடியாது. அந்த மிஷின் பழைய கூரையின் அடியில் போய்விட்டது. டிப்போ மெக்கானிக் ஒரு வழி செய்தார். பஸ் பிரேக்குக்காகக் காற்றை இழுக்கிற பம்ப் ஒன்று எஞ்சினில் இருக்கிறது இல்லையா, அதிலிருந்து ரப்பர் குழாய் எடுத்து, ஒரு கண்ணாடி ஜாடி வழியாகச் சுவரைத் துளைத்து உள்ளே கொடுத்தார். வெளியே பஸ் உறுமினால் உள்ளே குழாய் உறிஞ்சும். அந்த ஊரில் அப்போது எத்தனையோ பேருடைய தலைக்காயம் ஆறியது எங்கும் போகாத ஒரு பஸ்ஸால்தான்.

என்னை மேஜையில் போட்டதும் நெற்றி மரத்துப்போக ஊசி போட்டார்கள். மயக்கமருந்து வயிறும் மார்பும் கிழிந்தவர்களுக்கே போதவில்லை. தவிர, மூளைக்கு வலி தெரியாதாம். எனக்கு அதுவரை அது தெரியாது, என் மூளைக்கும் தெரிந்திருக்காது.

"பேசிக்கிட்டே இருங்க" என்றார் டாக்டரம்மா, தலைக்குப் பின்னாலிருந்து. "நீங்க பேச்சை நிறுத்தினா நான் கையை நிறுத்திடுவேன்."

"என்ன பேசறது டாக்டரம்மா?"

"எது வேணும்னாலும். உண்மையா இருக்கணும்னு கட்டாயம் இல்ல."

அப்படி ஒரு அனுமதியை அதற்கு முன்னும் பின்னும் எனக்கு யாரும் கொடுத்ததில்லை. நான் ஆட்டை ஆரம்பித்தேன்.

என் லாரியில் ஒரு கறுப்பு ஆடு பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வரும். முதலில் சும்மாதான் வந்தது. பிறகு வளைவு வந்தால் கொம்பால் ஹாரனை அமுக்கக் கற்றுக்கொண்டது. எதிரே வண்டி வந்தால் ஒரு சத்தம், மாடு வந்தால் ரெண்டு சத்தம், போலீஸ்காரர் நின்றால் சத்தமே போடாது, தலையை மட்டும் ஆட்டும். அப்புறம் கியர். ஒருநாள் எனக்குக் காய்ச்சல். ஆடே லாரியை எடுத்துப் போய் ரெண்டு தெருவுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தது. லைசென்ஸ் இல்லாமல் இப்படி ஓட்டுவது சட்டப்படி தப்பு என்று அதை லைசென்ஸ் ஆபீசுக்குக் கூட்டிப்போனேன்.

நான் ஆட்டை வளர்த்துக்கொண்டிருக்க, அவர் என் தலையைக் கழுவிக்கொண்டிருந்தார். பிற்பாடு மெக்கானிக் சொல்லிக் கேட்டது இது: டாக்டரம்மா மூளையைக் கையால் தொடமாட்டாராம், தண்ணீரால்தான் தொடுவாராம். உப்புத்தண்ணீரை மெல்ல விட்டு, மெல்ல உறிஞ்சுவார். செத்துப்போனது தண்ணீரோடு தானே வந்துவிடும். உயிரோடு இருப்பது நின்றுகொள்ளும். நிற்பதை வம்புக்கு இழுக்கக்கூடாது. முடி, மண், தொப்பித் துணியின் நூல், எலும்புச் சில்லு என்று ஒவ்வொன்றாக வந்தது. இரும்பு ரொம்ப உள்ளே போய்விட்டது. அதைத் துரத்திக்கொண்டு போனால் போகிற வழியெல்லாம் பாழாகும் என்று விட்டுவிட்டார். "இரும்பு சாது. வந்த இடத்துல சும்மா படுத்துக்கும். எலும்புச் சில்லுதான் போக்கிரி, அழுக்கைக் கூட்டிக்கிட்டு வரும்" என்பாராம்.

ஆடு லைசென்ஸ் ஆபீஸ் வரிசையில் நிற்கும்போது வெளியே பஸ் இருமியது. இன்னொரு தடவை இருமிவிட்டு நின்றது.

"டீசல் தீர்ந்துபோச்சு டாக்டரம்மா!" மெக்கானிக்கின் குரல்.

உறிஞ்சுகுழாய் செத்தது. ஓட்டைக்குள் ரத்தம் ஊறி ஏறியது. டாக்டரம்மா ரப்பர் குமிழால் கொஞ்சம் இழுத்துப் பார்த்தார். "இன்னும் ஒரு சில்லு இருக்கு, எனக்குத் தெரியுது" என்று முணுமுணுத்தார். ஆனால் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் அவர் கையை விடமாட்டார். என் தொடையிலிருந்து ஒரு சவ்வை வெட்டியெடுத்து மூளையின் உறைக்கு ஒட்டுப்போட்டுத் தைத்து மூடினார். இன்றுவரை நடந்தால்தான் எனக்கு யோசனை ஓடுகிறது. தொடை அங்கே போய் உட்கார்ந்திருக்கிறதே, அதனால்தான்.

என் மனைவி மாலையில் வந்தாள். டாக்டரம்மா பெட்டிமேல் ஏறி நின்று அவளிடம் கேட்ட முதல் கேள்வி: "வீட்டுல இவரால உங்களுக்கு என்ன தொந்தரவு?"

"தொந்தரவா? அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க, தங்கமான மனுஷன்."

"தங்கம் எனக்கு வேணாம்மா. நல்ல குணமெல்லாம் எல்லார்கிட்டயும் ஒரே மாதிரி இருக்கும், அதை வச்சு நான் என்ன பண்றது? தொந்தரவுதான் ஆளுக்கு ஆள் வேற. அதைச் சொல்லுங்க."

என் மனைவி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "பொய் சொல்வாருங்க."

"எந்த மாதிரி?"

"எல்லா மாதிரியும். கேட்டா ஒரு பொய், கேட்காட்டி ரெண்டு. கடைக்குப் போய்ட்டு வந்தா நேரா வந்தேன்னு சொல்ல மாட்டாரு, வழியில யானை படுத்திருந்துச்சும்பாரு."

டாக்டரம்மா சாக்பீஸை எடுத்து என் தூணில், தடம் எண்ணுக்குக் கீழே, 'பொய்' என்று எழுதினார். பக்கத்துத் தூணில் ஏற்கெனவே 'கோபம்' என்று இருந்தது. அது கொத்தனாருடையது, பின்மண்டையில் அடி, வலிப்பு வந்துகொண்டிருந்தது, வலிப்பு இல்லாத நேரமெல்லாம் எல்லாரையும் திட்டிக்கொண்டிருப்பார். தினமும் காலையில் டாக்டரம்மா வேண்டுமென்றே அவர் போர்வையைக் கோணலாக இழுத்துவிடுவார். கொத்தனார் கத்தினால் திருப்தியாக அடுத்த கட்டிலுக்கு வருவார்.

என்னிடம் வந்தால் ஒரே கேள்விதான். "ஆடு என்ன ஆச்சு?"

நான் சொல்வேன். கண்பரிசோதனையில் ஆட்டுக்கு எழுத்துப் படிக்கத் தெரியவில்லை, ஆனால் அட்டையைத் தின்றுவிட்டது. கையெழுத்துக்குக் குளம்பு ரேகை வைத்தது. சிரிக்காமல் கேட்டுக்கொண்டு, "நேத்து இடது கொம்பு உடைஞ்சிருக்குன்னீங்க, இன்னைக்கு ரெண்டு கொம்பாலயும் கதவைத் திறந்துச்சுங்கறீங்க?" என்று மடக்குவார். நான் சமாளிப்பேன். அவர் தலையாட்டிவிட்டு இறங்குவார்.

"ஏன் டாக்டரம்மா இந்தாளு புளுகையெல்லாம் உட்கார்ந்து கேட்குறீங்க? காது புளிக்கல?" என்று கொத்தனார் ஒருநாள் கத்தினார்.

"உண்மை சொல்றதுக்குக் கண்ணும் நாக்கும் போதும் கொத்தனாரே. பொய்க்கு முழு மூளையும் வேணும். நேத்து சொன்னது ஞாபகம் இருக்கணும், நாளைக்குச் சொல்லப்போறதுக்கு இடம் விடணும், கேட்கிறவன் மூஞ்சியைப் பார்த்து மாத்தணும். என்கிட்ட இருக்கிற எந்த மிஷினும் இவ்வளவு பரிசோதனை பண்ணாது."

அதற்குப் பிறகு ஒரு வாரம் நான் பெருமையில் தலைகால் தெரியாமல் இருந்தேன்.

நடுவே ஒரு கண்டம் வந்தது. குனிந்தால் மூக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஜலதோஷம் என்று என் மனைவி துண்டால் துடைத்துவிட்டாள். வாயில் உப்புக் கரித்தது. டாக்டரம்மா அந்த ஈரத் துண்டைப் பிடுங்கி வெளிச்சத்தில் பிடித்தார். நடுவில் லேசாகச் சிவப்பு, அதைச் சுற்றி ஈர வளையம். மூளை மிதக்கிற தண்ணீர் ஒழுகுகிறது, அந்த வழியாகக் கிருமி மேலே ஏறும் என்று கட்டிலின் தலைமாட்டைச் செங்கல் வைத்து உயர்த்தினார். மூக்குச் சிந்தக்கூடாது, முக்கக்கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். கொத்தனார் அன்றைக்கு முழுக்கச் சிரித்தார். "தண்ணி லாரிதான் ஒழுகும்னு நினைச்சேன், டிரைவரும் ஒழுகுறானே!" சில நாளில் ஒழுக்கு நின்றது. தொடைச் சவ்வு பிடித்துக்கொண்டது என்றார் டாக்டரம்மா.

இனிமேல் நான் இல்லாத பகுதி.

ஊருக்கு வடக்கே பெரிய சண்டை. அடிபட்டவர்களை லாரி லாரியாகக் கொண்டுவந்தார்கள். டாக்டரம்மா பெயின்ட் கொட்டகைக்குள் போனவர் வெளியே வரவே இல்லை. சாப்பாடும் உள்ளேதான். கட்டில்களை நர்ஸம்மா பார்த்துக்கொண்டார். அந்த நாட்களில் ஒரு காலை, பொழுது போகாமல் கொத்தனாரே என்னைக் கேட்டிருக்கிறார்.

"யோவ் லாரிக்காரரே, அந்தச் சனியன் பிடிச்ச ஆடு பாஸ் பண்ணுச்சா இல்லையா?"

"ஆடு எதுவும் இல்லைங்க" என்றேனாம். "அது பொய். உங்க நேரத்தை வீணாக்கிட்டேன், மன்னிச்சுக்கங்க."

கொத்தனார் அன்றைக்கு யாரையும் திட்டவில்லை. திட்ட வரவில்லை என்றார்.

நர்ஸம்மா கொடுத்த மாத்திரையை மறுபேச்சில்லாமல் விழுங்கினேனாம். நன்றி சொன்னேனாம். தலை லேசாக வலிக்கிறது என்று கேட்டால் மட்டும் சொன்னேனாம். என் மனைவிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவள் காத்திருந்த மனுஷன் கடைசியில் வந்தேவிட்டான். அவள் பழைய பாக்கியையெல்லாம் கேட்க ஆரம்பித்தாள்.

"என் தம்பி கல்யாணத்துக்கு ஏன் தாலி கட்டினதுக்கப்புறம் வந்தீங்க? பாலத்துல புலின்னீங்களே?"

"தூங்கிட்டேன்."

"என் அம்மா குடுத்த கடிகாரம்?"

"நான்தான் தொலைச்சேன்."

"என் சமையல் எப்படிங்க இருக்கும்?"

"சுமாரா இருக்கும்."

அதற்குமேல் அவள் கேட்கவில்லை. ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருந்தாளாம். பக்கத்துக் கட்டில்காரர்களின் உறவுக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு அம்மாள், தன் மருமகனுக்கும் இப்படி ஏதாவது செய்ய முடியுமா என்று நர்ஸம்மாவிடம் விசாரித்ததாகக் கேள்வி.

கடைசியில் ஒரு பகல் டாக்டரம்மா கொட்டகையை விட்டு வெளியே வந்தார். கண் இரண்டும் உள்ளே போயிருந்தது. ஒரு கையில் பிஸ்கட், மறு கையில் பேட்டரிப் பெட்டி. நர்ஸம்மா கூடவே நடந்து ஒவ்வொருவரைப் பற்றியும் சொல்லிக்கொண்டே வந்தார். என்னிடம் வந்ததும், "இவருக்குக் காயம் நல்லா காஞ்சிடுச்சு, காய்ச்சல் இல்ல. தொந்தரவே இல்லாத நோயாளி" என்றார்.

டாக்டரம்மா கடித்த பிஸ்கட்டை மெல்லாமல் நின்றார். "தொந்தரவே இல்லையா?"

"திருந்திட்டாருங்க!" என்றாள் என் மனைவி. "நீங்க என்ன பண்ணீங்களோ, உங்க கை ராசி. ஒரு பொய் கிடையாது. கேட்டுப் பாருங்களேன்."

டாக்டரம்மா பெட்டியைப் போட்டு ஏறினார். "ஆடு என்ன ஆச்சு?"

"ஆடு இல்லைங்க."

"கறுப்பு ஆடுன்னீங்களே?"

"நான் ஆடு வளர்த்ததில்லைங்க."

அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். நாடி நிதானமாக, ரொம்ப நிதானமாக, மத்தியானம் தூங்கி எழுந்தவன் மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. சின்ன விளக்கை வைத்து என் கண்ணுக்குள் பார்த்தார். பார்த்துவிட்டு இன்னொரு கண்ணையும் பார்த்தார். பிஸ்கட் அப்படியே என் போர்வைமேல் கிடந்தது என்கிறார் கொத்தனார். மறுநாள் காலைவரை யாரும் அதை எடுக்கவில்லையாம்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். இரும்பு தன் இடத்தில் சாதுவாகப் படுத்திருந்தது. அதற்கும் முன்பக்கம், ஒடிந்த நகம் மாதிரி ஒரு எலும்புச் சில்லு.

டாக்டரம்மா என் மனைவியைப் பழுதான பஸ்ஸுக்குள் கூட்டிப்போய் உட்காரவைத்தார்.

"அம்மா, இவர் திருந்தல. நெத்திக்குப் பின்னால சீழ் கட்டி இருக்கு. அது மூளையை அமுக்குது. மனுஷனைக் கலகலன்னு வச்சுக்கிற இடம் அது. அமுங்கினா முதல்ல ஆள் சாதுவாயிடுவான். அப்புறம் தூங்குவான். அப்புறம் எழுந்திருக்க மாட்டான்."

என் மனைவி முன்சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தச் சில்லு நான் விட்டது. விட்டது தெரிஞ்சேதான் மூடினேன், வேற வழி இல்ல. இப்ப திறந்தா எடுத்துடலாம்னு நினைக்கிறேன். திறக்கிறதுலயும் ஆபத்து இருக்கு. மேஜையிலேயே போனாலும் போகலாம்."

"திறந்தா... அந்தப் பொய்யெல்லாம் திரும்பி வந்துடுமா?"

"வந்தா நான் ஜெயிச்சேன்னு அர்த்தம். வராட்டி தோத்துட்டேன்."

என் மனைவி ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தாளாம். நான் கட்டிலில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, யாரோ வாங்கிவைத்துவிட்டு மறந்துபோன சாமான் மாதிரி உட்கார்ந்திருந்தேனாம். அவள் ஆசைப்பட்ட மனுஷன்தான். நிஜத்தை மட்டும் பேசுகிறவன், சமையலைப் பற்றியும்கூட.

"இவரு யாரோ மாதிரி இருக்காருங்க" என்றாள். "என் ஆளைக் குடுங்க. பொய்யோடவே குடுங்க."

"சரி" என்று எழுந்த டாக்டரம்மா, மெக்கானிக்கைக் கூப்பிட்டார். மெக்கானிக் தலையைச் சொறிந்தார். டிப்போவின் டீசலெல்லாம் வடக்கே போன வண்டிகள் குடித்துவிட்டன. அடுத்த டேங்கர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. பஸ்ஸில் இருப்பது எஞ்சினை இருமவைக்கத்தான் காணும்.

"பாதியில நின்னுச்சுன்னா போன தடவை மாதிரிதான் ஆகும் டாக்டரம்மா."

"போன தடவை மாதிரி ஆகக்கூடாது."

"எங்க லாரி நிக்குதே" என்றாள் என் மனைவி.

"அதுல ஒண்ணும் இல்ல தங்கச்சி. அன்னைக்கு இழுத்துட்டு வந்தப்பவே அரை மயக்கத்துல என் சட்டையைப் பிடிச்சுக்கிட்டு அவரே சொன்னாரு, டீசல் டேங்க் காலி, ஒரு சொட்டு இல்லன்னு. அதான் நாங்க தொறந்துகூடப் பார்க்கல."

"அவரே சொன்னாரா?" என் மனைவி எழுந்து புடவையைச் செருகிக்கொண்டாள். "அப்ப கண்டிப்பா இருக்கு."

போனாள். டேங்கில் குழாயை விட்டு, தானே வாயை வைத்து உறிஞ்சினாள். முதல் வாய் டீசல் அவள் வாய்க்குள்தான் போனது. துப்பினாள், திட்டினாள், குழாயை வாளிக்குள் விட்டாள். முக்கால் டேங்க் இருந்தது. மண்டையில் ஓட்டையோடு, ஹாரன்மேல் சாய்ந்து கிடந்த நிலையிலும் என் மூளை தன் கடமையைச் செய்திருக்கிறது என்பதை இங்கே பதிவுசெய்ய விரும்புகிறேன்.

அன்று மத்தியானமே திறந்தார்கள். மெக்கானிக் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஆக்சிலரேட்டரில் செருப்பில்லாத காலை வைத்திருந்தார். செருப்போடு மிதித்தால் அளவு தெரியாதாம். சுவர் ஓட்டை வழியாக டாக்டரம்மாவின் குரல் மட்டும் கேட்கும். "மெல்ல... இன்னும் மெல்ல... இப்ப கொஞ்சம் குடுங்க... போதும்!" பஸ் ஒரு பூனை மாதிரி உறுமிக்கொண்டே இருந்தது. பெரிய ஊசியை உள்ளே விட்டு இழுத்ததும் ஜாடியில் மஞ்சளாகச் சீழ் வந்து விழுந்தது. அதன் வாசனை டீசல் புகையையும் தாண்டி வெளியே வந்தது என்கிறார் மெக்கானிக்.

ஆனால் அவர் எனக்கு நூறு தடவையாவது சொன்னது வாசனையைப் பற்றி அல்ல.

நான் மேஜைமேல் பேசவில்லை. எவ்வளவு கேட்டும் "ம்" மட்டும்தான். அதுவும் குறைந்துகொண்டே போனது. பேச்சு நின்றால் கை நிற்கும் என்று சொன்ன டாக்டரம்மா, அன்று கையை நிறுத்தவில்லை. பேச்சைத் தானே எடுத்துக்கொண்டார். ஆட்டின் கதையை, முதல் ஆபரேஷனில் விட்ட இடத்திலிருந்து, என் காதுக்கு மேலே குனிந்து சொல்ல ஆரம்பித்தார்.

"அந்த வெள்ளை ஆடு வரிசையில நின்னுச்சா... மெல்ல, மெல்ல... ஆபீசர் கேட்டாரு, உனக்கு வயசு என்னன்னு... சில்லு தெரியுது, யாரும் அசையாதீங்க... ஆடு சொல்லுச்சு, எனக்கு லீப் வருஷத்துலதான் பிறந்தநாள்னு... வந்துடுச்சு, பிடிச்சுட்டேன்... தண்ணி விடுங்க."

சிரிக்கவே சிரிக்காத அந்த அம்மாள், நகம் அளவு எலும்பை இடுக்கியில் பிடித்துக்கொண்டு ஒரு ஆட்டுக்குப் பிறந்தநாள் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். மெக்கானிக்குக் கால் நடுங்கியதாம். ஆனால் பஸ் நடுங்கவில்லை. டீசலும் மிச்சம்.

அடுத்த நாள் காலை. தலையில் கட்டு, கட்டுக்குள்ளிருந்து ஒரு மெல்லிய குழாய். டாக்டரம்மா பெட்டிமேல் ஏறினார். என் மனைவி ஒரு பக்கம். அவள் வாயில் இன்னும் டீசல் வாசனை. கொத்தனார் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"ஆடு என்ன ஆச்சு?"

நான் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆடு என்ன ஆச்சுங்க?"

ஒன்றும் இல்லை. நர்ஸம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். டாக்டரம்மா நாடியைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், பிறகு யாருக்கோ சொல்கிற மாதிரி, ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார்.

"சரி, விடுங்க. அந்த வெள்ளை ஆடு டெஸ்ட்ல ஃபெயிலாயிடுச்சு. அவ்வளவுதான் கதை."

இந்த இடத்திலிருந்து எனக்கே ஞாபகம் இருக்கிறது. எங்கோ ஆழத்தில், பள்ளத்தில் இறக்கிவிட்ட மாதிரி படுத்திருக்கிறேன். மேலே யாரோ என் ஆட்டுக்கு அநியாயம் செய்கிறார்கள். எழுந்து வந்து கேட்காமல் எப்படி இருக்க முடியும்?

"வெள்ளை இல்ல" என்றேன். "கறுப்பு."

டாக்டரம்மா என் வாய்க்குப் பக்கத்தில் குனிந்தார்.

"ஃபெயிலும் இல்ல. ஆபீசர்தான் ஃபெயில். ஆடு அவருக்கு ரிவர்ஸ் எடுக்கக் கத்துக் குடுத்துட்டு வந்துச்சு."

"யோவ்!" என்று கொத்தனார் கத்தினார். "புளுகுமூட்டை! உனக்கெல்லாம் சாவே வராதுய்யா!" தூணைப் பார்த்துக்கொண்டு திட்டிக்கொண்டே இருந்தார்.

என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க அம்மா குடுத்த கடிகாரம் எங்கங்க?" என்றாள்.

"ஆடு கட்டிக்கிட்டுப் போச்சு."

அவள் அழ ஆரம்பித்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவள் அழுது நான் பார்த்ததில்லை.

டாக்டரம்மா சிரித்தாரா என்று எல்லாரும் கேட்கிறார்கள். சிரித்து, பெட்டியிலிருந்து கீழே விழுந்து, ஆட்டுக்கு வாழ்த்துச் சொன்னார் என்று நான் பல இடங்களில் சொல்லியிருக்கிறேன். நடந்தது என்னவென்றால், அவர் பெட்டியிலிருந்து இறங்கினார். என் போர்வைமேல் கிடந்த, முந்தின நாள் கடித்த பிஸ்கட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய், கொத்தனாரின் போர்வையைக் கோணலாக இழுத்துவிட்டார்.

அந்த டிப்போவிலிருந்து தங்கள் தங்கள் தொந்தரவோடு வீடு போய்ச் சேர்ந்தவர்கள் நிறையப் பேர். போகாதவர்களும் உண்டு. அவர்களுடைய தூண்களில் இருந்த சாக்பீஸ் எழுத்தை டாக்டரம்மா யாரையும் அழிக்கவிடவில்லை. அடுத்து வந்தவருக்கு அதன் கீழேதான் எழுதினார்.

இப்போது எனக்கு வயதாகிவிட்டது. நேற்று மனைவி டீ கொண்டுவந்து வைத்தாள். ஒரு வாய் குடித்துவிட்டு, ஏதோ நினைவில், "சர்க்கரை போட மறந்துட்ட" என்றேன். உண்மைதான், மறந்திருந்தாள். கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு வேகமாக வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். கண்ணைப் பார்த்தாள். மணிக்கட்டைப் பிடித்தாள்.

"சர்க்கரை டப்பாவை ஆடு எடுத்துட்டுப் போயிருக்கும்" என்றேன்.

"அதானே" என்று கையை விட்டுவிட்டுப் போய்ப் பாத்திரத்தை எடுத்தாள்.